புழுவெட்டு ஆய்வுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலைமுடி வட்ட வட்டமாகக் கொட்டும் புழுவெட்டு, பலருக்குத் தானாகவே சரியாகிவிடும் நோய் என்பதை மறந்துவிட்டுச் சிகிச்சை முடிவுகளைப் படிப்பதுதான், இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளிலெல்லாம் பெரியது. தலையில் ஒன்றிரண்டு வட்டங்கள் மட்டும் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எந்த மருந்தும் இல்லாமலேயே ஓராண்டுக்குள் முடி மீண்டும் முளைத்துவிடுகிறது. அந்த ஓராண்டில் அவர்கள் எந்த எண்ணெயைத் தடவியிருந்தாலும், எந்த மாத்திரையை விழுங்கியிருந்தாலும், பெயர் அதற்குத்தான் போகும். ஆகவே, "இதைப் பயன்படுத்தினேன், முடி வந்தது" என்ற சாட்சியம் எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், அது ஒரு மருந்து வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரமாகாது.

வெங்காயச் சாறு பற்றிய ஆய்வை இதற்கு எடுத்துக்காட்டாகப் பார்க்கலாம். ஈராக்கைச் சேர்ந்த மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட அந்த ஆய்வில் 23 பேர் வெங்காயச் சாற்றையும் 15 பேர் வெறும் குழாய்த் தண்ணீரையும் தினமும் இருவேளை தடவினார்கள். சாறு தடவியவர்களில் 20 பேருக்கும் தண்ணீர் தடவியவர்களில் இரண்டு பேருக்கும் முடி வளர்ந்ததாக அது சொல்கிறது. ஒப்பிடுவதற்கு ஒரு குழுவை வைத்திருந்தது பாராட்டத்தக்கது. ஆனால் மொத்தமே 38 பேர். அனைவருக்கும் சில வட்டங்கள் மட்டுமே இருந்தன. தடவுவது எது என்பதை அதன் வாசனையே சொல்லிவிடும். தலை முழுவதும் முடி கொட்டியவருக்கு இந்த ஆய்வு எந்த வாக்குறுதியும் தரவில்லை. இருந்தும் அதன் சதவீதக் கணக்கு மட்டும் தனியாகப் பிரிந்து எல்லா முடியுதிர்வுக்குமான தீர்வாகச் சுற்றிவருவதைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, பாரிசிட்டினிப் என்ற மாத்திரையைப் பற்றி 2022இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், தலைமுடியில் பாதியோ அதற்கு மேலோ இழந்தவர்களும் அண்மைக் காலத்தில் தானாக முன்னேற்றம் காணாதவர்களுமே சேர்க்கப்பட்டார்கள். 36 வாரங்களின் முடிவில், நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் எடுத்தவர்களில் முதல் ஆய்வில் 38.8 சதவீதத்தினரும் இரண்டாவதில் 35.9 சதவீதத்தினரும் தலையில் 80 சதவீதமோ அதற்கு மேலோ முடி மூடும் நிலையை எட்டினார்கள். மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் அந்த விகிதம் முறையே 6.2, 3.3 சதவீதம். வித்தியாசம் மிகத் தெளிவானது. அதே சமயம், மருந்து எடுத்தும் அந்த இலக்கை எட்டாதவர்களே அப்போது பெரும்பான்மையினர் என்பதையும் அதே எண்கள்தாம் சொல்கின்றன. "நோய் குணமாகிவிட்டது" என்று செய்தித் தலைப்பு வந்தால், எத்தனை பேருக்கு, எந்த அளவுக்கு, எத்தனை வாரங்களில் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மயிர்க்கால் செத்துவிட்டது என்று நம்பிக் கைவிடுவது இன்னொரு தவறு. வளரும் மயிர்க்காலின் அடிப்பகுதி சாதாரணமாக நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பார்வையில் படாமல் காக்கப்பட்டிருக்கும். அந்தக் காப்பு குலையும்போது டி செல்கள் எனப்படும் வெள்ளை அணுக்கள் அதைச் சூழ்ந்து தாக்குகின்றன. தாக்குதலைத் தூண்டிக்கொண்டே இருக்கும் சமிக்ஞைகள் ஜேக் எனப்படும் நொதிகள் வழியாகச் செல்கின்றன. ஜேக் தடுப்பான்கள் எனப்படும் பாரிசிட்டினிப் போன்ற மருந்துகள் மறிப்பது அந்த வழியைத்தான். தாக்குதலுக்கு உள்ளான மயிர்க்கால் வளர்ச்சியை நிறுத்துகிறதே தவிர அழிந்துபோவதில்லை. முதலில் திரும்பும் முடி வெள்ளையாகவும் மெல்லியதாகவும் இருப்பது வழக்கம். அதைத் தோல்வி என்று எண்ணி மருந்தை நிறுத்துபவர்கள் உண்டு. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், ஆறு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று தீர்ப்பு எழுதுவதும் சரியாகாது. மறுபக்கம், முடி முழுவதும் வளர்ந்துவிட்டதென்று தாமாகவே மாத்திரையை விடுவதும் ஆபத்தானது. மேலே சொன்ன முதல் பாரிசிட்டினிப் ஆய்வில் நல்ல பலன் கண்டவர்களில் ஒரு பகுதியினருக்கு 52ஆம் வாரத்தில் போலி மாத்திரை மாற்றித் தரப்பட்டபோது, 152ஆம் வாரத்துக்குள் அவர்களில் சுமார் 80 சதவீதத்தினர் பெற்ற பலனை இழந்தார்கள். இந்த மருந்துகள் நோயை அடக்கிவைக்கின்றன, வேரோடு எடுப்பதில்லை.

எலிகளில் கிடைத்த முடிவைப் படித்துவிட்டு மருந்து தேடுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஜேக் தடுப்பான்கள் எலிகளில் முடியைத் திருப்பித் தந்ததாக 2014இல் வெளியான ஆய்வுக்கும், கடுமையான புழுவெட்டுக்காக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பாரிசிட்டினிப்பை 2022இல் அனுமதித்ததற்கும் இடையே எட்டு ஆண்டுகள் சென்றன.

பக்க விளைவுகளைப் படிப்பதில் இரு பக்கமும் சறுக்கல் உண்டு. தீவிரத் தொற்று, மாரடைப்பு, ரத்த உறைவு, புற்றுநோய் ஆகியவை பற்றிய கடும் எச்சரிக்கை இந்த மருந்துகளின் குறிப்பில் உள்ளது. அந்த எச்சரிக்கைக்கு முக்கிய அடிப்படையான ஆய்வு, முடக்குவாதம் உள்ள, 50 வயதை எட்டிய, இதய நோய்க்கான ஆபத்துக் காரணி குறைந்தது ஒன்றாவது கொண்டவர்களிடம் டோஃபாசிட்டினிப் என்ற இன்னொரு ஜேக் தடுப்பானை வைத்து நடத்தப்பட்டது. ஆரோக்கியமான இளைஞருக்கும் அதே அளவு ஆபத்து என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஆபத்தே இல்லை என்று சொல்லிக் காசநோய், கல்லீரல் அழற்சி, கொழுப்பு ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் இல்லாமல் மாத்திரையை வாங்கி விழுங்குவதும் ஏற்கத்தக்கதல்ல. ஒன்றிரண்டு வட்டங்கள் உள்ள பெரியவருக்குப் பெரும்பாலும் இந்த விவாதமே தேவைப்படாது. நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை அந்த இடத்தில் போடும் ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசிதான் இன்றும் அவருக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது.

குழந்தைகள் விஷயத்தில் அவசரமே பெரிய தவறு. தலையில் வரும் பூஞ்சைத் தொற்றும் வட்டமாகவே முடியைக் கொட்டவைக்கும். புழுவெட்டில் தோல் பொதுவாக வழவழப்பாக இருக்கும். விளிம்பில் அடிப்பக்கம் மெலிந்து, ஆச்சரியக்குறி போன்ற குட்டை முடிகள் தெரியும். செதிலும் சிவப்பும் வீக்கமும் இருந்தால் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும், ஏனெனில் அதன் மேல் ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால் தொற்று பரவக்கூடும். அந்தக் குழந்தைக்கு வேண்டியது பூஞ்சைக் கொல்லி மருந்து, அதுவும் பூச்சாக அல்ல, வாய்வழியாக.