எல்லைக்கு இருபுறமும் நிலம்: வாரிசு மாற்றம் முடிந்த விதம்

அப்பா இறந்தபோது உயில் இல்லை. நிலம் பாதி கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில், பாதி தமிழ்நாட்டில் பொள்ளாச்சிப் பக்கம். முதல் மனு திரும்பியதற்குக் காரணம், வாரிசுப் பட்டியலில் அப்பத்தா பெயர் விட்டுப்போனது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. தகப்பனார் அந்த வகுப்பில் வரமாட்டார். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கும் சம பங்கு. ‘பூர்வீகச் சொத்து, பெண்ணுக்குக் கிடையாது’ என்ற பேச்சு இனி எடுபடாது. கேரளம் 1976 டிசம்பர் 1-இலேயே இந்துக் கூட்டுக்குடும்ப முறையை ஒழித்துவிட்டது.

கேரள வாரிசுச் சான்றுக்கு கெஜட்டில் அறிவிப்பு வந்து 30 நாள் ஆட்சேபனைக்குக் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் பெயர்ச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டேன். அங்கே பத்திரத்தை ஆதாரம் என்பார்கள். எங்கள் ஆதாரத்தில் சாதிப்பெயரோடு முழுப்பெயர், ஆதார் அட்டையில் வெறும் இனிஷியல்! இரண்டும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீஸில் சான்று வாங்கி இணைத்தேன். அடுத்து போக்குவரவு மனு, அதாவது வருவாய்ப் பதிவில் பெயர் மாற்றம். தண்டப்பேர் (வில்லேஜ் ஆபீஸில் நில உரிமையாளர் பேரில் உள்ள வரிக் கணக்கு) மாறியதும் புதுப் பெயரில் நிலவரி கட்டி ரசீதைப் பத்திரப்படுத்தினேன்.

பொள்ளாச்சி நிலத்துக்கு முதலில் கூட்டுப் பட்டா மட்டும். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்த பிறகே உட்பிரிவுக்கு மனு போட்டேன்.