டி ஹூப் பண்ணை வீட்டில் தங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் மாகாணத்தில், கேப் டவுனிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிறது டி ஹூப் இயற்கைக் காப்பகம். பரப்பு ஏறத்தாழ 34,000 ஹெக்டேர். கடலோரம் முழுக்க வெள்ளை மணல்மேடுகள், உள்ளே ஒரு நீண்ட ஏரி, ஏரிக்கரையில் வெள்ளையடித்த பழைய பண்ணை வீடுகள். அந்த வீடுகளைப் புதுப்பித்து உயர்தரத் தங்குமிடங்களாக்கியிருக்கிறார்கள். இவ்வளவு செலவழித்துப் போய்விட்டு, கடற்கரை ரிசார்ட்டில் இருப்பதுபோல அறைக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

முதல் தவறு, மாதத்தைப் பார்க்காமல் முன்பதிவு செய்வது. டிசம்பரில் விடுமுறை கிடைக்கிறதே என்று கிளம்பிவிடுகிறார்கள். அங்கே அது கோடை. வெயிலும் தென்கிழக்குக் காற்றும் இருக்கும், திமிங்கலம் இருக்காது. தெற்கு ரைட் திமிங்கலங்கள் குட்டி ஈனவும் வளர்க்கவும் இந்தக் கரைக்கு வருவது ஜூன் முதல் நவம்பர் வரை. ஆகஸ்டும் செப்டம்பரும் மிக நல்ல மாதங்கள். அப்போது இரவில் நன்றாகக் குளிரும், மழையும் உண்டு. கம்பளி உடையும் காற்றைத் தடுக்கும் மேல்சட்டையும் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது அவசரம். ஒரே இரவு தங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். மூன்று இரவாவது ஒதுக்குங்கள். திமிங்கலம் பார்க்க கொப்பி அலீன் என்ற இடத்துக்குப் போக வேண்டும். மணல்மேட்டில் ஏறி உட்கார்ந்தால் முதல் கால் மணி நேரம் வெறும் அலைதான். பிறகு, அலை உடையும் கோட்டுக்குச் சற்று அப்பால், ஆங்கில 'வி' எழுத்துப்போல இரண்டாகப் பிரிந்து ஒரு நீர்த்தூவல் எழும். அதைப் பிடித்துக்கொண்டு கண்ணை நகர்த்தாமல் இருந்தால் தாயின் கறுத்த முதுகும், தலையில் வெண்மையான சொரசொரப்புத் திட்டுகளும், ஒட்டி நீந்தும் குட்டியும் தெரியவரும். முதுகில் துடுப்பு இருக்காது, அதுவே அடையாளம். மெதுவாக நீந்தும், கொன்றால் மிதக்கும், எண்ணெய் நிறையத் தரும் என்பதால் வேட்டைக்காரர்கள் இதைத் துரத்தித் துரத்திக் கொன்றார்கள். 1935இல் சர்வதேசப் பாதுகாப்பு கிடைத்த பிறகுதான் மெல்ல மீண்டது. அப்படித் தப்பிப் பிழைத்த ஓர் உயிரை இவ்வளவு பக்கத்தில் பார்க்கும்போது, படம் எடுத்துக்கொண்டு உடனே எழுந்துபோவது பெரிய இழப்பு.

டிரோன் கொண்டுபோக நினைக்காதீர்கள். அனுமதியில்லாமல் பறக்கவிடத் தடை உண்டு. இங்குள்ள கடல் பகுதியும் கரையிலிருந்து 3 கடல் மைல் வரை பாதுகாக்கப்பட்டது. மீன் பிடிக்கக் கூடாது, கிளிஞ்சல் பொறுக்கக் கூடாது. பாறைக் குளங்களைப் பார்க்க ஆசைப்பட்டால் நீர் வற்றும் நேரத்தை வரவேற்பில் கேட்டுக்கொண்டு போங்கள். ஓதம் ஏறிய பிறகு போனால் பாறையே தெரியாது. நீரோட்டம் பலமானது. அமைதியாகத் தெரிகிறதே என்று திறந்த கடலில் இறங்க வேண்டாம்.

சாலை விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பக்கத்து ஊரான பிரெடாஸ்டார்ப்பைத் தாண்டியதும் நெடுந்தூரத்துக்குச் சரளைக்கல் சாலை. பெட்ரோலை ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வாடகைக் காரின் காப்பீட்டில் டயருக்கும் அடிப்பகுதிக்கும் பொறுப்பு ஏற்கிறார்களா என்று முன்கூட்டியே படித்துவிடுங்கள். காப்பக வாயில் மாலையில் மூடிவிடும். நேரத்தைக் கேட்டு, இருட்டுவதற்குள் உள்ளே போய்விடுங்கள். இருட்டில் சரளையில் வேகமாக ஓட்டும்போது குறுக்கே ஒரு மான் வந்தால் வண்டி நிற்காது.

சிங்கமும் யானையும் தேடாதீர்கள், இங்கே இல்லை. அதனால்தான் வேலியில்லாமல் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் முடிகிறது. வீட்டு வாசலில் பான்டிபாக் மான் மேய்வதைப் பார்க்கலாம். 1931இல் அதற்கென்று ஒரு தேசியப் பூங்கா தொடங்கியபோது அங்கே இருந்தவை 17தான் என்பார்கள். கேப் மலை வரிக்குதிரையும் ஈலண்ட் மானும் உண்டு. பபூன் குரங்குகளிடம் மட்டும் கவனம்: சன்னல் திறந்திருந்தால் சமையலறை காலி. பாவம் என்று ஒரு முறை தின்னக் கொடுத்தாலும், அடுத்து வருகிறவர் கையிலிருந்தே அது பறிக்கும்.

ஏரியைப் பற்றிய எதிர்பார்ப்பும் அளவோடு இருக்கட்டும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 1975இல் சேர்ந்த ஏரி இது. கடலுக்குப் போக வழியில்லாமல் மணல்மேடுகள் மறித்துக்கொண்டிருப்பதால், மழைக்கு ஏற்ப நீர்மட்டம் ஏறும், சில ஆண்டுகளில் வெகுவாக வற்றிவிடும். பூநாரைக் கூட்டம் நிச்சயம் இருக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது.

பாட்பெர்க் மலையை விட்டுவிடாதீர்கள். மேற்கு கேப்பில் கேப் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டும் ஒரே இடம் அதுதான். ஆனால் அதற்கு வாயிலும் வழியும் தனி. பண்ணை வீட்டிலிருந்து நடந்து போய்விடலாம் என்று திட்டமிடாமல், அதற்கென்று ஒரு காலைப் பொழுதை ஒதுக்கிவிடுங்கள்.