பழைய எஃகு சைக்கிளின் பிரேக்கை மாற்றுவதற்கு முன்

பழைய எஃகுச் சட்டச் சைக்கிளில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லையென்றால், காலிப்பரை (கட்டைகளை ரிம்மின் இருபுறமும் அழுத்தும் பிரேக் கவ்வியை) மாற்றுவதற்கு முன் பிரேக் கட்டைகளையும், உட்கம்பி, வெளியுறை இரண்டும் சேர்ந்த முழுக் கேபிளையும் புதிதாக மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருக்கும்.

ரப்பர் கட்டைகள் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி, தேய்மானம் தெரியாவிட்டாலும் பிடிமானத்தை இழந்துவிடுகின்றன. பழைய கேபிள் உறைகள் பலவற்றில் உள்பூச்சு இல்லாததால், துருவும் உராய்வும் சேர்ந்து கை அழுத்தத்தின் கணிசமான பகுதியை விழுங்கிவிடுகின்றன. வழுவழுப்பான பிளாஸ்டிக் உள்குழாய் கொண்ட புதிய உறையில் அந்த அழுத்தம் பெருமளவு கட்டைக்கே போய்ச் சேருகிறது. உறையைத் தேவையான நீளத்திற்கு வெட்டியபின் முனையை அரத்தால் சமன்செய்ய மறக்க வேண்டாம், ஏனெனில் பிசிறான முனை புதிய கேபிளின் பயனையும் கெடுத்துவிடும்.

குரோம் பூசிய எஃகு ரிம் உள்ள சைக்கிளில் மழைக்காலத்திற்கு இந்தக் குறிப்பு பயன்படாது. ஈரமான எஃகில் எந்த ரப்பரும் நன்றாகப் பிடிப்பதில்லை என்பதால், அங்கு அலுமினிய ரிம்முக்கு மாறுவதே உண்மையான தீர்வு. அப்போது 27 அங்குல ரிம்மிலிருந்து (டயர் அமரும் விட்டம் 630 மி.மீ.) 700சி ரிம்முக்கு (622 மி.மீ.) மாறினால், கட்டைகள் 4 மி.மீ. சக்கர மையத்தை நோக்கி நகர வேண்டியிருக்கும். பிரேக் போல்ட்டின் மையத்திலிருந்து புதிய ரிம்மில் கட்டை படும் இடம் வரை அளந்த பிறகே, அந்தத் தூரத்தை எட்டும் காலிப்பரை வாங்குங்கள்.