துத்தநாக ஆக்சைடு படுகையில் நாப்தாவின் கந்தகத்தை நீக்குவது

நாப்தா என்பது கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் இலேசான எண்ணெய். படுகை என்பது துத்தநாக ஆக்சைடு மணிகள் (சிறு உருண்டைகள்) நிரப்பிய ரியாக்டர். முதலில் ஒரு கணக்கு. 2% கந்தகம் உள்ள கச்சா எண்ணெய் ஒரு டன்னில் 20 கிலோ கந்தகம் இருக்கும். அதைப் பிடிக்க, ஒரு உருண்டைகூட வீணாகாவிட்டாலும், 51 கிலோ துத்தநாக ஆக்சைடு வேண்டும். கட்டுப்படியாகாது. பெரும்பகுதியை ஹைட்ரஜனேற்றத்தில் எடுத்துவிட்டு, மிஞ்சும் சில பிபிஎம்முக்குத்தான் (பத்து லட்சத்தில் சில பங்குக்குத்தான்) இந்தப் படுகை.

மணிக்கு 10 டன் நாப்தா, 5 பிபிஎம் கந்தகம் என்றால் மணிக்கு 50 கிராம், ஆண்டுக்கு 438 கிலோ. 100 கிலோ மணிகள் நடைமுறையில் 20 கிலோ பிடிக்கும் என்று வைத்தால் சுமார் 2.2 டன் தேவை. ஏட்டுக் கணக்கில் வரும் 39 கிலோவை நம்பி ரியாக்டர் அளவை முடிவு செய்யாதீர்கள்.

துத்தநாக ஆக்சைடு ஹைட்ரஜன் சல்பைடை நன்றாகப் பிடிக்கும். தயோபீன் என்ற கந்தகச் சேர்மத்தை அப்படியே விட்டுவிடும். அதனால் தயோபீனை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்ற, முன்னால் கோபால்ட்-மாலிப்டினம் வினையூக்கி இருந்தாக வேண்டும். அது ஆக்சைடாகத்தான் வரும். கந்தகம் ஏற்றாமல் சூடான ஹைட்ரஜனைக் காட்டினால் உலோகமாகி வீணாகும். கந்தகம் தரும் டைமெத்தில் டைசல்பைடு கலந்து 230 டிகிரியில் நிறுத்துங்கள். வெளிவாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு தெரிந்த பிறகே 320-340க்கு ஏற்றுங்கள். இந்த வாயு அடுத்த ரியாக்டருக்குள் போகக் கூடாது. போனால் புதுப் படுகை முதல் நாளே பாதி தீர்ந்துபோகும்.

துத்தநாக மணிகளைச் சலித்து, கேன்வாஸ் குழாய் வழியாக இறக்குங்கள். உயரத்திலிருந்து கொட்டினால் நொறுங்கி அழுத்த இழப்பு ஏறும். நைட்ரஜன் ஓட்டத்தில் மணிக்கு 50 டிகிரி வீதம் சூடாக்கி, 350-400இல் ஓட்டுங்கள். இரண்டு ரியாக்டர்களைத் தொடராக வைத்து நடுவில் மாதிரி எடுக்கும் குழாய் போடுங்கள். முதலாவதன் வெளியில் உள்ளே வரும் அளவே வந்தால் அதைக் காலி செய்து நிரப்பி, இரண்டாவதாகச் சேருங்கள்.

கோளாறுகளில் பலரையும் ஏமாற்றுவது ஒன்று: ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் கறுக்கும் லெட் அசிட்டேட் தாள் வெள்ளையாகவே இருக்கும், அடுத்துள்ள நிக்கல் வினையூக்கியோ செத்துக்கொண்டிருக்கும். தாள் ஹைட்ரஜன் சல்பைடை மட்டுமே காட்டும், நழுவும் தயோபீனைக் காட்டாது. மொத்தக் கந்தகத்தையும் அளந்து பாருங்கள். குளோரைடு வந்தால் துத்தநாகக் குளோரைடு உருகித் துளைகளை அடைக்கும். முன்னால் குளோரைடு பிடிக்கும் படுகை போடுங்கள். நீராவி கூடினால் வினை பின்னோக்கித் திரும்பும்.

காலி செய்யும்போது 40 டிகிரிக்குக் கீழே குளிரவிட்டு, நைட்ரஜன் சூழலிலேயே இறக்குங்கள். கந்தகமேறிய கோபால்ட்-மாலிப்டினம் காற்றுப் பட்டால் தானே தீப்பிடிக்கும். அதன் புகை கந்தக டைஆக்சைடு. மூச்சுக் கருவி இல்லாமல் யாரையும் அருகே விடாதீர்கள்.