கரையில் நின்று கடலில் தூண்டில் போடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடற்கரையில் தூண்டில் போட ஆரம்பித்த முதல் வருடம் முழுக்க எனக்கு ஒரே எண்ணம்தான். எவ்வளவு தூரம் எறிகிறோமோ அவ்வளவு பெரிய மீன். 12 அடி ராடு, 120 கிராம் ஈயம், தோள் வலிக்க வலிக்க எறிவேன். அப்புறம் இரண்டு மணி நேரம் ராடின் நுனியையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒன்றும் நடக்காது. ஒரு நாள் பக்கத்தில் ஒரு பெரியவர், கால் நனையாமல் நின்று, 20 மீட்டருக்குள்ளேயே போட்டு ஒன்றன்பின் ஒன்றாக மீன் எடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "தம்பி, மீன் இருக்கிற இடத்தைத் தாண்டி எறிஞ்சிட்டு நிக்கிறியே" என்றார்.

அவர் சொன்னதுதான் நான் செய்த மற்ற பல தவறுகளுக்கும் வேர். கரைக்குப் போனதும் கடலைப் பார்க்காமல் தூண்டிலை எடுத்துவிடுகிறோம். இப்போது நான் போய்ச் சேர்ந்ததும் முதல் கால் மணி நேரம் பையைத் திறப்பதே இல்லை. பார்க்க நிறைய இருக்கிறது.

தண்ணீரைப் படிக்காமல் எறிவது

மேலே இருந்து பார்த்தால் கடல் எல்லா இடத்திலும் ஒன்று போலத்தான் தெரியும். அடியில் அப்படி இல்லை. மணல் கரைகளில் பெரும்பாலும் கரைக்கு இணையாக ஒரு மணல் திட்டு இருக்கும். அந்தத் திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பள்ளம், வாய்க்கால் மாதிரி நீளமாக ஓடும். இதைக் கண்டுபிடிக்க அலையைப் பார்த்தால் போதும். ஆழம் அலையின் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் அலை உடைகிறது. அதனால் வெள்ளையாக நுரைத்து உடையும் கோடு மணல் திட்டு. அந்த நுரை அடங்கி, தண்ணீர் சற்று கறுத்து, அலை உடையாமல் வெறுமனே உருண்டு வரும் பட்டைதான் பள்ளம்.

மீன் அங்கே வருவதற்குக் காரணம் சாப்பாடு. திட்டின் மேல் அலை உடையும்போது மணல் கிளறப்பட்டு, புழு, நண்டு, சிப்பி எல்லாம் வெளியே வந்து பள்ளத்தில் சேர்கின்றன. மீன் அந்தப் பள்ளத்தின் ஓரமாகவே நடந்து வந்து மேய்கிறது. இந்தப் பள்ளம் சில கரைகளில் 15 மீட்டரிலேயே தொடங்கிவிடும். 90 மீட்டர் எறிபவனுடைய இரை திட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் மணலில் கிடக்கும். தூரம் எறியவே கூடாது என்று சொல்லவில்லை. கரை மிகவும் தட்டையாக இருந்தால், வெயில் ஏறி தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தால், தூரம் தேவைப்படும். ஆனால் முதல் எறி பக்கத்தில் இருக்கட்டும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் 10 மீட்டர் தள்ளி, அப்புறம் இன்னும் 10 மீட்டர்.

திட்டில் அங்கங்கே இடைவெளி இருக்கும். கரையில் வந்து குவிந்த தண்ணீர் அந்த இடைவெளி வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. இரையையும் அள்ளிக்கொண்டு போவதால் அதன் இரு ஓரங்களும் அருமையான இடங்கள். ஆனால் இதைத் தெரிந்துகொள்பவர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இடம்தான் ஆளை இழுத்துக்கொண்டு போகும் இழுவை. இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாக இருப்பதால் இறங்கி நிற்க நல்ல இடம் போலத் தோன்றும். அங்கே இடுப்பளவு இறங்காதீர்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையை விட்டு வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்.

இதையெல்லாம் கற்றுக்கொள்ள நான் கண்ட சிறந்த வழி, தண்ணீர் முழுதாக வற்றிய நேரத்தில் தூண்டில் இல்லாமல் ஒரு நடை போய் வருவது. ஏற்றத்தில் மறைந்திருக்கும் பள்ளங்கள், பாறைகள், சிப்பிப் படுகைகள் அப்போது கண்ணெதிரே கிடக்கும். கரையில் உள்ள ஏதாவது ஒரு மரத்தையோ கம்பத்தையோ அடையாளமாக வைத்து, அதற்கு நேராக எத்தனை அடி தூரத்தில் பள்ளம் என்று எழுதி வையுங்கள். புயலோ பெரிய அலையோ வந்துபோனால் மணல் இடம் மாறிவிடும், அப்போது மறுபடி ஒரு நடை.

நமக்கு வசதியான நேரத்துக்குப் போவது

விடுமுறை நாள், காலை 10 மணி, சரி கிளம்பலாம் என்று போவோம். கடலுக்கு அந்தக் கணக்கு தெரியாது. பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை 6 மணிக்கு உச்ச ஏற்றம் என்றால் நாளைக்கு 6:50 வாக்கில். இந்த ஒரு கணக்கு தெரிந்தாலே ஒரு வாரத்தை முன்கூட்டியே திட்டமிடலாம்.

ஏறும் ஆறு மணி நேரமும் தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. மொத்த ஏற்றத்தைப் 12 பங்காக வைத்தால், முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதிலும் நான்காவதிலும் 3 பங்கு, பிறகு 2, கடைசியில் 1. நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதித் தண்ணீர் நகர்ந்துவிடுகிறது. தண்ணீர் நகர்ந்தால் இரை நகரும், இரை நகர்ந்தால் மீன் வரும். என் அனுபவத்தில் வற்றிய தண்ணீர் திரும்பி ஏற ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கடி தொடங்கும். அதோடு விடியலோ அந்தியோ சேர்ந்துகொண்டால் அந்த நாளை நான் விடமாட்டேன்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும், அரைநிலா நாட்களில் சிறிதாக இருக்கும். பெரிய ஏற்ற நாட்களில் ஒரு ஆபத்தும் உண்டு. வற்றிய நேரத்தில் மணல் திட்டின் மேல் ஏறி நின்று மும்முரமாக இருக்கும்போது, தண்ணீர் முன்னால் ஏறுவதற்கு முன்பே பின்னால் உள்ள பள்ளத்தில் நிறைந்துவிடும். முழங்கால் அளவில் கடந்து போன இடம் திரும்பும்போது நெஞ்சளவு இருக்கும். திட்டில் நிற்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் திரும்பிப் பாருங்கள்.

எறியும் நரம்பில் கவனமின்மை

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் இது மீனைப் பற்றியது மட்டுமல்ல. ரீலில் நாம் சுற்றும் 0.35 மி.மீ. நைலான் நரம்பு மீனை இழுக்கப் போதும். ஆனால் 140 கிராம் ஈயத்தை முழு வேகத்தில் எறியும்போது விழும் உதறலை அது தாங்காது. எறியும் நொடியில் அறுந்தால் ஈயம் துப்பாக்கிக் குண்டு போலப் பறக்கும், எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. எனக்கு ஒருமுறை அறுந்து, ஈயம் கடலுக்குப் போகாமல் கரையோரமாகவே பக்கவாட்டில் போய் விழுந்தது. அந்தப் பக்கம் அப்போது யாரும் இல்லை. அரை மணி நேரத்துக்கு முன் அங்கே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் நினைத்தால் வயிறு கலங்குகிறது.

இதற்கு வழி, முன்பக்கத்தில் ஒரு தடித்த நரம்பைச் சேர்த்துக் கட்டுவது. ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் ஈயத்துக்கு 10 பவுண்டு தாங்கும் நரம்பு என்பது பரவலான கணக்கு. 140 கிராம் என்றால் 5 அவுன்ஸ், ஆகவே 50 பவுண்டு, கிட்டத்தட்ட 23 கிலோ தாங்க வேண்டும். நீளமும் முக்கியம். எறியத் தயாராக ஈயத்தைத் தொங்கவிட்ட நிலையில், தடித்த நரம்பு ராடு முழுவதையும் கடந்து ரீலில் குறைந்தது ஐந்தாறு சுற்றாவது இருக்க வேண்டும். முடிச்சு ராடின் நடுவில் நின்றால் கட்டியும் பயன் இல்லை. ஒவ்வொரு எறிக்கும் முன்னால் நரம்பு ராடு நுனியில் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள், பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பாருங்கள்.

முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். காய்ந்த நைலானை இழுத்து இறுக்கினால் உரசலில் சூடேறி அந்த இடமே பலவீனமாகிவிடும். பின்னல் நரம்பு பயன்படுத்துபவர்கள் எறியும் விரலுக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். எங்காவது பாறையில் சிக்கினால் அதைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது, சதையை அறுத்துவிடும்.

இரையும் முள்ளும்

பெரிய தூண்டில் முள், அதில் பெரிய இரை, இதுதான் ஆரம்பத்தில் எல்லோரும் செய்வது. கரையோரப் பள்ளத்தில் மேயும் மீன்களில் நிறைய சின்ன வாய்க்காரர்கள். பெரிய முள்ளில் இரையைக் கொத்தித் தின்றுவிட்டுப் போய்விடும். முள்ளின் அளவை நாம் ஆசைப்படும் மீனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், அந்தக் கரையில் உண்மையில் கிடைக்கும் மீனின் வாயைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முள்ளின் நுனி இரைக்கு வெளியே தெரிய வேண்டும். கணவாய், மத்தி, இறால் எதுவாக இருந்தாலும் மெல்லிய எலாஸ்டிக் நூலால் நாலு சுற்று சுற்றிவிட்டால் எறியும்போது பிய்ந்து போகாது. வெறும் முள் கடலில் கிடக்க, நாம் கரையில் காத்திருந்த மணி நேரங்கள் எனக்கு எத்தனையோ. 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரையை மாற்றுவது இப்போது பழக்கமாகிவிட்டது. மணம் போன இரையை மீன் திரும்பிப் பார்க்காது.

வட்டமாக வளைந்த முள் போட்டிருந்தால் கடித்ததும் ராடை வெட்டி இழுக்காதீர்கள். மெதுவாக ரீலைச் சுற்றினாலே முள் வாயின் ஓரத்தில் தானே ஏறிக்கொள்ளும். வெட்டி இழுத்தால் வாயைவிட்டு வெளியே வந்துவிடும். திருப்பி விட வேண்டிய மீனுக்கும் இந்த முள்தான் நல்லது, தொண்டைவரை போவது அரிது.

உருண்டை ஈயம் பக்க நீரோட்டத்தில் உருண்டு கரைக்கே வந்துவிடும். அப்படிப்பட்ட நாளில் மணலில் ஊன்றிக்கொள்ளும் கம்பி நகம் வைத்த ஈயம் வேண்டும். அந்த ஈயம் போட்டிருக்கும்போது விறைப்பாக இருந்த நரம்பு திடீரென்று தளர்ந்தால், ஈயம் வழுக்கிவிட்டது என்று நினைத்துச் சும்மா நிற்காதீர்கள். மீன் இரையை எடுத்துக்கொண்டு கரையை நோக்கி வருகிறது என்றும் அர்த்தம் இருக்கலாம். உடனே சுற்ற வேண்டும். இந்தக் கடியைத்தான் புதியவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள்.

மீன் மாட்டிய பிறகு

காலடிவரை வந்து தப்பிய மீன்கள்தான் அதிகம் வலிக்கும். காரணம் அவசரம். அலை பின்வாங்கும்போது தண்ணீரின் எடையும் மீனின் எடையும் சேர்ந்து இழுக்கும், அந்த நேரத்தில் நாமும் இழுத்தால் ஏதாவது ஒன்று அறும். பின்வாங்கும்போது நரம்பை இறுக்கமாக மட்டும் வைத்து நில்லுங்கள். அடுத்த அலை வரும்போது அதோடு சேர்த்துப் பின்னால் நடந்து மீனை ஏற்றிவிடுங்கள். ரீலின் பிடியை, அதாவது எவ்வளவு இழுத்தால் ரீல் நரம்பை விட வேண்டும் என்று வைக்கும் இறுக்கத்தை, முன்கூட்டியே, நரம்பு தாங்கும் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை மட்டும் வைத்திருந்தால் பெரிய மீன் ஓடும்போது நரம்பு தானாக விடும்.

பெயர் தெரியாத மீனை வெறுங்கையால் தொடாதீர்கள். கெளிற்றின் முதுகிலும் இரு பக்கமும் முட்கள், திருக்கையின் வாலில் நச்சுமுள். குத்திவிட்டால் புண்ணைப் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் வைத்தால் வலி குறையும். அதோடு நிற்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். பலூன் போல உப்பும் பேத்தை மீனைச் சாப்பிடவே கூடாது, அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. தண்ணீரில் இறங்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடந்தால் கீழே கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும்.

விடப்போகும் மீனைக் காய்ந்த மணலில் போடாதீர்கள். கையை நனைத்துக்கொண்டு பிடித்தால் அதன் உடம்பில் உள்ள வழவழப்புப் பூச்சு உரியாது, குறடால் முள்ளைக் கழற்றி உடனே தண்ணீரில் விடலாம். எந்த மீனைப் பிடிக்கலாம், எந்த அளவுக்குக் குறைந்ததை விட வேண்டும், எந்த மாதங்களில் தடை என்பதெல்லாம் கரைக்குக் கரை மாறும், போகும் முன் கேட்டுவிடுங்கள்.

இடிச்சத்தம் கேட்டால் மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கிளம்பிவிடுங்கள். நம் கையில் இருப்பது 12 அடி கார்பன் கம்பி, அது மின்சாரத்தைக் கடத்தும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆனபின்தான் திரும்பி வர வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் மெதுவாக நனைத்துக் கழுவுங்கள். குழாயை வேகமாகத் திறந்து அடித்தால் உப்பும் மணலும் உள்ளே போய்விடும். கழுவும்போது பிடியை இறுக்கி வைத்து, காய்ந்தபின் தளர்த்திவிடுங்கள். வெட்டி எடுத்த நரம்புத் துண்டுகளுக்கு நான் பையில் ஒரு மூடி போட்ட டப்பா வைத்திருக்கிறேன். கரையில் விட்டால் பறவையின் காலிலும் ஆமையின் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். மற்றவர்கள் விட்டுப்போன துண்டுகள் கண்ணில் பட்டாலும் அதே டப்பாவில்தான் போடுகிறேன்.