மீத்தேன் ஊட்டிய உயிரிப்படலத்தால் கழிவுநீரின் நைட்ரஜனை நீக்கும் முறை

கழிவுநீர்க் கசடைக் காற்றின்றி மக்கவைக்கும் கலன்களான கசடு செரிப்பான்களிலிருந்து பிரித்தெடுக்கப்படும் நீரில் அம்மோனியம் மிகுந்தும், நைட்ரஜன் நீக்கத்திற்குத் தேவையான கரிமப்பொருள் குறைந்தும் இருப்பதால், பல நிலையங்களில் மெத்தனாலை விலைக்கு வாங்கி ஊற்றுகிறார்கள். அதே செரிப்பானில் உருவாகும் மீத்தேனே அந்த வேலையைச் செய்யும். காற்றில்லாச் சூழலில் மீத்தேனை உண்டு நைட்ரஜனை நீக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் ஒன்றை, நெதர்லாந்தின் ட்வென்டே கால்வாய்ச் சேற்றிலிருந்து வளர்த்தெடுத்ததாக 2006-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

நுண்ணுயிர்கள் ஒரு பரப்பில் ஒட்டி வளரும் மெல்லிய அடுக்கே உயிரிப்படலம். இம்முறையில் அந்தப் படலத்தில் மூன்று வகை உயிர்கள் சேர்ந்து வாழ வேண்டும். மெத்தனோபெரெடென்ஸ் என்னும் ஆர்க்கியா (பாக்டீரியாவிலிருந்து வேறான ஒரு நுண்ணுயிர் வகை) மீத்தேனைக் கொண்டு நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும்; மெத்திலோமிராபிலிஸ் பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரஜன் வாயுவாக்கும்; அனமாக்ஸ் பாக்டீரியா அம்மோனியத்தையும் நைட்ரைட்டையும் இணைத்து அதே வாயுவாக்கும்.

மீத்தேனைக் குமிழிகளாக நீரில் செலுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 25 பாகை செல்சியசில், தூய மீத்தேனின் கீழ் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 22 மில்லிகிராம்தான் கரையும்; நைட்ரேட்டில் உள்ள ஒரு கிராம் நைட்ரஜனை முழுதும் வாயுவாக்க 0.7 கிராம் மீத்தேன் வேண்டும். எனவே கரையாத குமிழிகள் மேலேறி வீணாகும். மாறாக, நுண்துளையற்ற குழல் இழைச் சவ்வுகளை (வாயு சுவர் வழியே ஊடுருவக்கூடிய, உள்ளீடற்ற மெல்லிய இழைகளை) மூடிய கலனில் பொருத்தி, இழைகளின் உள்ளே மீத்தேனைக் குறைந்த அழுத்தத்தில் நிறுத்தி, ஆக்சிஜன் நீக்கிய நீரை வெளியே சுழலவிட வேண்டும். இழையின் புறப்பரப்பில் வளரும் படலத்திற்கு உணவு உள்ளிருந்தும் நைட்ரேட் வெளியிலிருந்தும் வந்து சேரும். செரிப்பான் வாயுவைப் பயன்படுத்தினால் ஹைட்ரஜன் சல்பைடை முன்பே அகற்றுவது அவசியம்.

படலத்தைத் தொடங்கிவைக்கும் நுண்ணுயிர் விதைக்கு அனமாக்ஸ் கசடு, செரிப்பான் கசடு, வயல் அல்லது கால்வாய்ச் சேறு ஆகியவற்றைக் கலக்கலாம். வெப்பநிலையை 30 முதல் 35 பாகையிலும், அமிலக்காரக் குறியீட்டை (pH) 7-க்கும் 8-க்கும் இடையிலும் வைத்து, நைட்ரேட்டையும் அம்மோனியத்தையும் சிறிய அளவில் ஊட்டித் தொடங்குங்கள். இவ்வுயிர்கள் இரட்டிப்பதற்கே வாரக்கணக்காகும் என்பதால், படலம் தடிக்கப் பல மாதங்கள் பிடிக்கும்; அவசரப்பட்டு ஊட்டத்தைக் கூட்டுவதே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் என்பது என் கருத்து. நாள்தோறும் அளக்க வேண்டியது நைட்ரைட். அது சேரத் தொடங்கினால் இந்த உயிர்களுக்கே நச்சாகும். உடனே ஊட்டத்தைக் குறைத்து, அளவு தணிந்த பின்னரே மீண்டும் உயர்த்துங்கள்.

காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்த மீத்தேன் வெடிக்கும். அதற்கு மணமும் இல்லை. எனவே உணர்கருவியும் நல்ல காற்றோட்டமும் இன்றி இதை இயக்கக் கூடாது. வெளியேறும் நீரில் கரைந்து எஞ்சும் மீத்தேனையும், காற்றூட்டிய சிறு தொட்டி ஒன்றில் மீத்தேன் உண்ணும் பாக்டீரியாவைக் கொண்டு நீக்கிய பிறகே நீரை வெளியே விட வேண்டும்.