தேடல் முடிவுகளை வகைவாரியாக எண்ணிக் காட்டுவது எப்படி?

தேடல் பக்கத்தின் ஓரத்தில் கதை (3), வரலாறு (2) என்று எண்ணிக்கை தெரிந்தால், எதைச் சொடுக்கினால் எவ்வளவு கிடைக்கும் என்று பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரியும். அந்த எண் ஒரு வாக்குறுதி: 3 என்று போட்டால் சொடுக்கியதும் சரியாக 3 வர வேண்டும். இதற்கான நிரல் சிறியதுதான், ஆனால் எண்ணைப் பிசகவிடும் இடங்கள் பல.

பிஹெச்பியில் எழுதிய தளம், அதன் டேட்டாபேஸில் நூல்கள், வகைகள் என்று இரண்டு டேபிள்கள் என்று எடுத்துக்கொள்வோம். நூல்களில் எண், தலைப்பு, வகை_எண். வகைகளில் எண், பெயர். டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் எஸ்க்யூஎல் மொழியின் கட்டளைகளை (வினவல்களை) ஒலிப்படி தமிழில் தருகிறோம். எடிட்டரில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடியுங்கள்.

படி 1: அடிப்படை வினவல்

செலக்ட் வகை_எண், கவுண்ட்(*)
ஃப்ரம் நூல்கள்
வேர் தலைப்பு லைக் ?
குரூப் பை வகை_எண்

கேள்விக்குறி இருக்கும் இடத்தில் தேடுசொல்லை இருபுறமும் % (எந்த எழுத்துகளும் வரலாம் என்ற குறி) சேர்த்து ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் வழியாக, அதாவது வினவல் வேறு, மதிப்பு வேறு என்று பிரித்து அனுப்புங்கள். தேடுசொல்லை நேராக வினவலுக்குள் ஒட்டினால், யார் வேண்டுமானாலும் உங்கள் டேட்டாபேஸுக்குள் தன் கட்டளையை நுழைத்துவிடலாம்.

முடிவுப் பட்டியலுக்கான வினவலில் பக்கத்துக்கு 10 என்று லிமிட் போட்டிருப்பீர்கள். அந்தப் பத்தை மட்டும் பிஹெச்பியில் லூப் ஓட்டி எண்ணாதீர்கள். இரண்டாம் பக்கத்துக்குப் போனால் எண் மாறிவிடும். வகைக்கு ஒரு வினவல் என்று தனித்தனியாக ஓட்டுவதும் வேண்டாம். 20 வகை இருந்தால் 20 முறை டேட்டாபேஸிடம் போக வேண்டியிருக்கும். ஒரே வகை_எண் கொண்ட வரிகளைச் சேர்த்து எண்ணும் குரூப் பை ஒரே முறையில் முடித்துவிடும்.

படி 2: பெயரும் பூஜ்யமும்

மேலே உள்ள வினவல் வகையின் எண்ணைத்தான் தரும், பெயரைத் தராது. ஒரு நூல்கூடப் பொருந்தாத வகை அதில் வரவே வராது. இரண்டையும் லெஃப்ட் ஜாயின் தீர்க்கும். இது முதல் டேபிளின் எல்லா வரிகளையும் வைத்துக்கொண்டு இரண்டாவதை இணைக்கும் (வ, நூ என்பவை வகைகள், நூல்கள் டேபிள்களின் சுருக்கப் பெயர்கள்):

செலக்ட் வ.எண், வ.பெயர், கவுண்ட்(நூ.எண்)
ஃப்ரம் வகைகள் வ
லெஃப்ட் ஜாயின் நூல்கள் நூ
ஆன் நூ.வகை_எண் = வ.எண் அண்ட் நூ.தலைப்பு லைக் ?
குரூப் பை வ.எண், வ.பெயர்

புதியவர்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். "கடல்" என்று தேடுகிறோம். கதையில் 3, வரலாற்றில் 2, கவிதையில் ஒன்றுமில்லை என்று வையுங்கள். கவுண்ட்(நூ.எண்) கவிதைக்கு 0 தரும். அதையே கவுண்ட்(*) என்று எழுதினால் 1 வரும். பொருந்தும் நூல் இல்லாதபோதும் லெஃப்ட் ஜாயின் கவிதைக்கு ஒரு வரியை நல் (மதிப்பே இல்லாத காலி) மதிப்புகளோடு வைத்திருக்கும். கவுண்ட்(*) அந்த வரியையும் எண்ணிவிடும். இன்னொன்று, தலைப்பு நிபந்தனையை ஆன் பகுதியிலிருந்து வேர் பகுதிக்கு நகர்த்தினால் கவிதை பட்டியலிலிருந்தே காணாமல் போகும்.

படி 3: கூட்டிப் பாருங்கள்

பக்கத்தின் மேலே "6 முடிவுகள்" என்று இருக்கிறது, ஓரத்து எண்களைக் கூட்டினால் 5தான் வருகிறதா? ஆறாவது நூலின் வகை_எண் காலியாக இருக்கும். வகைகள் டேபிளில் "பிற" என்று ஒரு வரி சேருங்கள், காலியான நூல்களை அதில் போடுங்கள், பிறகு வகை_எண் நெடுவரிசையை நாட் நல் (காலியாக விட முடியாதது) ஆக்குங்கள். ஒரு நூல் பல வகைகளில் இருக்கலாம் என்ற அமைப்பில் மட்டும் கூட்டுத்தொகை மொத்தத்தைவிட அதிகமாக வரும், அது பிழையல்ல.

ஆசிரியர் டேபிளையும் ஜாயின் செய்திருந்தால் இரண்டு ஆசிரியர்கள் எழுதிய நூல் இரண்டாக எண்ணப்படும். அங்கே ஒவ்வொரு நூலையும் ஒருமுறை மட்டும் எண்ணும்படி கவுண்ட்(டிஸ்டிங்க்ட் நூ.எண்) என்று எழுதுங்கள்.

படி 4: வகையைத் தேர்ந்தபின்

பல வகைகளைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்க செக்பாக்ஸ் வைத்திருந்தால், ஒருவர் "கதை"யை டிக் செய்ததும் எண்ணும் வினவலிலும் அந்த நிபந்தனை சேர்ந்து மற்ற வகைகளெல்லாம் 0 ஆகிவிடக் கூடாது. வகையை எண்ணும்போது வகை வடிகட்டியை மட்டும் விட்டுவிடுங்கள். ஆண்டு, மொழி போன்றவை இருக்கட்டும். வகை தவிர்த்த மற்ற நிபந்தனைகளை ஒரே ஃபங்ஷனில் உருவாக்கி, பட்டியல், எண்ணிக்கை ஆகிய இரண்டு வினவல்களுக்கும் அதையே கொடுப்பது நல்லது. ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்த நாளில்தான் எண்கள் பொய் சொல்லத் தொடங்கும்.

தமிழ்த் தலைப்புகளில் ஒரு நுணுக்கம் உண்டு. லைக் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால் "கடல்" என்று தேடினால் "கடலில்" அகப்படாது. "ல்" அங்கே "லி" ஆகிவிட்டது. கடைசிப் புள்ளியை நீக்கி "கடல" என்று அனுப்பினால் இரண்டும் வரும், கூடவே "கடலை"யும் வரும். எதைத் தேர்ந்தாலும் பட்டியலுக்கும் எண்ணிக்கைக்கும் ஒன்றையே வையுங்கள்.

வேகம்

வகை_எண் மீது இண்டெக்ஸ் (வரிகளை விரைவாகக் கண்டுபிடிக்க உதவும் அட்டவணை) போடுங்கள். தலைப்பு மீது போடும் சாதாரண இண்டெக்ஸ் இங்கே உதவாது. % முன்னால் நிற்பதால் டேட்டாபேஸ் எல்லாத் தலைப்புகளையும் படித்தாக வேண்டும். சில ஆயிரம் வரிகளுக்கு இது உறுத்தாது. லட்சக்கணக்கில் போனால் சொற்களை வைத்துத் தேடும் ஃபுல் டெக்ஸ்ட் இண்டெக்ஸுக்கு மாறுங்கள், அடிக்கடி தேடப்படும் சொற்களின் எண்ணிக்கையைச் சில நிமிடங்களுக்கு கேஷ் செய்யுங்கள் (சேமித்து வைத்து மறுபடி காட்டுங்கள்). கேஷ் செய்தால் முடிவுப் பட்டியலையும் அதே நேர அளவுக்கு கேஷ் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் புதிய நூல் பட்டியலில் வந்துவிடும், ஓரத்து எண் மட்டும் பழையதாகவே நிற்கும்.